முப்பத்தொன்பது முதல் நாற்பத்தைந்து வரை

நாட்டின் கருவித் தொழில் நலிந்துவிட்டது என்று தலைநகரில் யாருக்கோ ஒரு நாள் காலையில் தெரியவந்தது. மத்தியானத்துக்குள் அதற்கு ஓர் இயக்கம் பிறந்துவிட்டது. 'தேசியக் கருவித் தொழில் மீட்பு இயக்கம்' என்று பெயர் வைத்தார்கள். பல்சக்கரத்துக்கு நடுவே சுத்தியல் பிடித்த கை ஒன்றைச் சின்னமாக வரைந்தார்கள். அந்தச் சின்னத்தைப் பையிலும் பேனாவிலும் தண்ணீர் பாட்டிலிலும் அச்சடித்து முடித்த பிறகுதான், மீட்பதற்கு ஒரு கருவிக்காரர் வேண்டுமே என்ற ஞாபகம் வந்தது. தேடிக் கிளம்பி, ஆம்பூரில் தணிகைவேலைக் கண்டுபிடித்தார்கள்.

தணிகைவேல் ஒன்றும் காணாமல் போனவர் இல்லை. ரயில்வே கேட்டுக்குப் பின்னால் அதே தகரக் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாக கட்டிங் டை செய்துகொண்டிருந்தார். ஷூவுக்குத் தோலை வெட்டுகிற அச்சு அது. பிஸ்கட் மாவை அழுத்தி வெட்டுகிற அச்சைப் பெரிதாக்கி, தகரத்துக்குப் பதிலாகக் கெட்டியான எஃகுப் பட்டையில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பட்டையை வளைத்து, இரண்டு முனையையும் பற்றவைத்து, அடி விளிம்பை அரத்தால் ராவிக் கூர் ஏற்ற வேண்டும். டையைத் தோலின்மேல் வைத்து மெஷினால் ஒரே ஒரு அழுத்து. ஷூவின் ஒரு பாகம் தனியாக விழும். வளைவு ஒரு முடியளவு பிசகினால் ஷூ கோணிக்கொள்ளும்.

கூர் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வழி உண்டு. டையின் விளிம்பை இடது கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுப்பார். அழுத்தாமலே நகத்தில் ஒரு சீவல் வர வேண்டும். வந்தால் டை தேறியது. அதனால் அந்த ஒரு நகம் மட்டும் எப்போதும் எலி கரண்டியது போல இருக்கும்.

ஆம்பூரில் இந்த வேலை செய்தவர்கள் ஒரு காலத்தில் பதினோரு பேர். சைனா டை பெட்டி பெட்டியாக வந்து இறங்கத் தொடங்கியதும் ஒருவர் பிரியாணிக் கடைக்கு முட்டை உரிக்கப் போனார், ஒருவர் ஆட்டோ எடுத்தார், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதைத் தணிகைவேலே நிறுத்திவிட்டார். அவரும் ஆறு மாதமாகப் பழைய டைகளுக்குக் கூர் ஏற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, நெடுஞ்சாலை ஓரத்து ஷூ கம்பெனியின் கட்டிங் மேனேஜர் சுஹேல் அகமது, கையில் அட்டை மாதிரிகளோடு கொட்டகைக்குள் நுழைந்தார்.

"தணிகண்ணே, சைனா செட்டு சென்னை போர்ட்ல மாட்டிக்கினு ஒரே பேஜாரு. வியாழக்கெழம ரெண்டு மணிக்கு நம்ம ஷூவ வாங்குற பையரோட ஆளு மெஷின் பக்கத்துல நின்னு கட்டிங் பாக்கப் போறாரு. முப்பத்தொம்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் ஏழு சைஸ். ஷூவோட முன்பாகம் மட்டும் போதும். முடியுமா?"

"முடியும் பாய். பாஸ் ஆச்சுன்னா?"

"ரெண்டு சீசன் டை மொத்தமும் ஒங்களுக்குத்தான். ஆவலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெண்டார் லிஸ்ட்லேர்ந்து ஒங்க பேர எடுன்னு மேலேர்ந்து மூணு மாசமா நச்சரிக்கிறாங்க. நாந்தான் இன்னிக்கி நாளைக்கின்னு தள்ளிக்கினு வர்றேன்."

"இன்னா பாய் பயமுறுத்துறீங்க."

"பயந்தாதாண்ணே ஒங்க கை ஓடுது. சும்மா இருந்தா டீக்கடையில சட்டம் பேசிக்கினு ஒக்காந்துடுவீங்க."

தணிகைவேல் டீக்கடைப் பக்கமே போகவில்லை. கையிருப்பில் இருந்த ஜெர்மன் பட்டை சரியாக ஏழு டைக்கு வந்தது. ஒரு சாண் மிச்சமில்லை. புதன்கிழமை மத்தியானம் நாற்பத்தைந்தாம் சைஸும் நகத்தில் சீவல் எடுத்தது. ஏழையும் வரிசையாகப் பலகையில் வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தார்.

அந்தப் பாட்டு முடிவதற்குள் வாசலில் ஒரு ஜீப் நின்றது. பல்சக்கரமும் சுத்தியல் கையும் ஒட்டிய ஜீப். இறங்கியவர் கார்முகிலன், இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். வயது முப்பதுகூட இருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் கல்வெட்டு.

"ஐயா, தாங்கள்தான் இந்த மண்ணின் வாழும் கருவிச் சிற்பி."

"சிற்பில்லாம் இல்ல சார். டை போடுறவன்."

"அந்தப் பணிவுதான் ஐயா நம் தொழிலை அழித்தது!" என்றார் கார்முகிலன். அழித்தது சைனாப் பெட்டி என்றுதான் தணிகைவேல் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். "நாளை காலை பத்து மணிக்கு இயக்கத்தின் தொடக்க விழா. திருமண மண்டபத்தில். உங்களுக்கு மேடையில் மரியாதை. உங்கள் படைப்புகளை மக்கள் பார்க்க வேண்டும். இந்த ஏழும் எங்களுக்கு வேண்டும்."

"இது ஃபேக்டரிக்குப் போவணும் சார். நாளைக்கி ரெண்டு மணிக்கி. இது ஒரே செட்டு."

"பத்து மணிக்கு விழா. பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். இரண்டு மணி எங்கே, பன்னிரண்டு எங்கே? ஐயா, இயக்கத்தில் முதல் பயனாளியே நீங்கள்தான். உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்."

தணிகைவேலுக்கு ஒன்று வேண்டியிருந்தது. டையைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்த ஒரு சின்ன மின் உலை. ஒவ்வொரு செட்டுக்கும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறி, யாரோ ஒருவர் உலையில் இடம் தரும்வரை உட்கார்ந்திருந்து இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. அதைச் சொன்னார். கார்முகிலன் பேனாவை எடுத்து, 'உலை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அந்த இரண்டு கோட்டில்தான் தணிகைவேல் விழுந்தார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஏழு டையும் ஜீப்பில் ஏறின.

சாயங்காலம் அதே ஷூ கம்பெனியில் தையல் பிரிவு வேலை முடிந்து வந்த அவர் மனைவி யோகலட்சுமி, காலிப் பலகையைப் பார்த்தாள்.

"எங்க டைங்க? பாய்கிட்ட குடுத்தாச்சா?"

"கவர்ன்மெண்ட்டு வாங்கிக்கினு போச்சு. நாளைக்கி பன்னெண்டுக்குத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"அவங்க பன்னெண்டு நம்ம பன்னெண்டா?" என்றாள் யோகலட்சுமி. "காயிதத்துல இன்னா எழுதிருந்துது?"

"மாதிரின்னு எழுதிருந்துது."

"அப்புறம்?"

அப்புறம் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. கேட்டவர் கவர்ன்மெண்ட்டு, படித்துப் பார்த்தால் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டுவிட்டார். அந்தக் கூச்சம் அவருக்கு மட்டும் உரியதில்லை. அதை நம்பித்தான் நாட்டில் பாதிக் காகிதங்கள் அச்சாகின்றன.

மறுநாள் ஒன்பதரைக்கே மண்டபத்தில் இருந்தார். வாசலில் பெரிய பேனர். 'மீண்டும் எழும் கருவி பாரதம்' என்று எழுதி, கீழே சுத்தியல் பிடித்த ஒரு கையின் படம். சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்திருந்தது அந்தக் கை. கண்காட்சி மேஜைகளில் இயக்கத்தின் பை, பேனா, தண்ணீர் பாட்டில். டைகளைக் காணவில்லை.

"சார், எங்க சார் என் டைங்க?"

"பத்திரமாக இருக்கிறது ஐயா, மேடையில்" என்று சிவப்புத் துணி போர்த்திய மேஜையைக் காட்டினார் கார்முகிலன். "மேஜையில் வைத்தால் யார் வேண்டுமானாலும் தொடுவார்கள். மேடைக்கு உரிய பொருள் அது."

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. மகளிர் குழுவிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த பெண்கள் பாட்டிலைத் திறந்து குடித்து, பையைத் திறந்து பார்த்து, மூடினார்கள். பன்னிரண்டேகாலுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். அவரோடு டெல்லியிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து இருவர், ஒரு சங்கத் தலைவர், ஒரு முன்னாள் தலைவர், எதற்கும் தலைவரில்லாத ஆனால் எல்லா மேடையிலும் இருக்கிற ஒருவர். ஆக மொத்தம் ஏழு. ஏழு டை கிடைத்ததால் ஏழு நாற்காலி போட்டார்களா, ஏழு நாற்காலி இருந்ததால் ஏழு டை எடுத்தார்களா என்பது இயக்கத்துக்கே வெளிச்சம். எட்டாவதாக ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தணிகைவேலை உட்கார வைத்தார்கள். தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது.

சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். "ஊசி முதல் ராக்கெட் வரை..." என்று தொடங்கியதும் மைக் தலையைத் தொங்கப் போட்டது. நிமிர்த்தினார்கள்; மறுபடி தொங்கியது. கழுத்தில் திருகாணி கழன்றிருந்தது. "யாராவது ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்கப்பா" என்று கார்முகிலன் கல்வெட்டுத் தமிழை மறந்து கத்தினார். கருவித் தொழிலை மீட்க வந்திருந்த முந்நூறு பேரில் ஒருவரிடமும் இல்லை. ஒரு பெண் கொண்டை ஊசியை நீட்டினாள்.

தணிகைவேலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார், எழுந்து போய் இரண்டு சுற்றில் முடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். மைக் கம்பீரமாக நின்றது. சிறப்பு விருந்தினர் மேலும் முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். தன் கையாலேயே முடுக்கிய திருகாணியைப் பார்த்தபடி தணிகைவேல் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றேகாலுக்குக் கார்முகிலன் மைக்கைப் பிடித்தார். "இப்போது நம் விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசு. இதுவரை எந்த விழாவிலும் வழங்கப்படாத பரிசு. வழங்குபவர், நம் கருவிச் சிற்பி ஐயா தணிகைவேல்!"

சிவப்புத் துணியை உருவினார்கள்.

ஏழு டையும் இருந்தன. தங்கப் பெயிண்ட் அடித்து, ஊதா வெல்வெட் ஒட்டிய பலகைகளில் திருகாணி போட்டு மாட்டப்பட்டிருந்தன. கீழே பல்சக்கரமும் சுத்தியல் கையும். பெயிண்ட் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தது. சைஸ் எண்கள் மட்டும் பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன.

"சார்" என்று கார்முகிலனின் காதில் சொன்னார் தணிகைவேல். "சார், இது ஃபேக்டரிக்குப் போவணும் சார். ரெண்டு மணிக்கி."

"சிரிங்க ஐயா, போட்டோ."

"சார், நா சொல்றது..."

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டார் சிறப்பு விருந்தினர்.

"ரொம்பப் பெருமையாக இருக்கிறதாம் ஐயா" என்றார் கார்முகிலன்.

கீழே முந்நூறு பேர் கை தட்டினார்கள். முந்நூறு பேர் கை தட்டும்போது ஒரு மனிதன் தன் பொருளைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்வது எப்படி என்று தணிகைவேலுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. முப்பத்தொன்பதை எடுத்தார், சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்தார். நாற்பதை டெல்லிக்காரரிடம் கொடுத்தார். "லாடமா? குதிரைக்கா?" என்று இந்தியில் கேட்டார் அவர். யாரோ ஆமாம் என்றார்கள். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் சென்னைக்குப் போயின. சங்கத் தலைவர் நாற்பத்து மூன்றைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கேமரா மின்னியது. ஒவ்வொரு முறையும் தணிகைவேல் சிரித்தார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் எல்லோரையும்விட அவர்தான் சந்தோஷமாகத் தெரிந்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஓடினார். சிறப்பு விருந்தினரின் கார் வாணியம்பாடி பக்கம் திரும்பிவிட்டிருந்தது. டெல்லிக்காரரைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தார். இலை நிறைய பிரியாணி, பக்கத்து நாற்காலியில் பரிசு.

"ஐயா, அந்த டைய..."

"பஹுத் அச்சா!" என்று டெல்லிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வீட்டு வாசலில் மாட்டுவேன், அதிர்ஷ்டம் என்று சொல்கிறார்" என்று பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார். கையில் ஒட்டிய பிரியாணி எண்ணெயோடு தணிகைவேல் வெளியே வந்தார். சென்னைக் கார்கள் போய்விட்டன. சங்கத் தலைவரின் டிரைவர், "ஐயா பரிசையெல்லாம் திருப்பிக் கேக்குறியே, இன்னா ஆளுயா நீ" என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினான். நாற்பத்தைந்து எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

முன்னாள் தலைவர் மட்டும் தன் பரிசை மேடை நாற்காலியிலேயே மறந்து விட்டுப் போயிருந்தார். நாற்பத்து நாலு.

அதை எடுத்துக்கொண்டு டி.வி.எஸ்ஸை மிதித்தார். கம்பெனி வாசலில் மணி இரண்டு பத்து. கட்டிங் பிரிவில் மெஷின் பக்கத்தில் சுஹேல் அகமதுவும், கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட பையரின் ஆளும் நின்றிருந்தார்கள். தணிகைவேல் பலகையிலிருந்து திருகாணிகளைக் கழற்றினார். விளிம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்தார். நீட்டினார்.

மெஷின் ஒருமுறை இறங்கி ஏறியது. வெட்டி விழுந்த துண்டைப் பையரின் ஆள் எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அட்டை மாதிரிமேல் வைத்துப் பார்த்தார். முடியளவும் பிசகவில்லை.

"சூப்பர் கட்டிங்" என்றார். "மீதி ஆறு?"

சுஹேல் தணிகைவேலைப் பார்த்தார்.

"குடுத்துட்டேன் பாய்."

"யாருக்கு?"

"மேடையில. பெரிய மனுஷங்களுக்கு. என் கையாலயே குடுத்தேன்."

சுஹேல் மெஷினை அணைத்தார். பிறகு, கோபமாகக்கூட இல்லை, "அப்போ நாப்பத்திநாலு சைஸ் காலுக்காரன் மட்டும் இந்த வருஷம் ஷூ போட்டா போதுமாண்ணே?" என்றார்.

பையரின் ஆள் வெட்டிய துண்டை மேஜையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பிரிவுக்கு நடந்தார். சுஹேல் அவர் பின்னாலேயே போனார். போகும்போது திரும்பி, டையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

டீ மணி அடித்தது. தையல் பிரிவிலிருந்து வந்த பெண்கள் கூட்டத்தில் யோகலட்சுமி, மெஷின் பக்கத்தில் தனியாக நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். கையில் ஒற்றை டை. தோளில் சரிகை மின்னிய துணி.

"இன்னாது இது மேல?"

அப்போதுதான் குனிந்து பார்த்தார். பொன்னாடையை அவர் கழற்றவேயில்லை.

மூன்று வாரம் கழித்து இயக்கத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் பயனாளியான தங்களுக்கு வாழ்த்துகள். உலை கோரும் தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க, நடப்பில் உள்ள கொள்முதல் ஆணை ஒன்றை இணைத்து அனுப்பவும். கம்பெனி லிஸ்டிலிருந்து பேர் போய் அதற்குள் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சைனா செட்டு போர்ட்டிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று யோகலட்சுமிதான் சொன்னாள். அதில் வெட்டிய தோலைத்தான் அவள் தினமும் தைத்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் பின்னாலேயே கார்முகிலனும் வந்தார்.

"கவலையே வேண்டாம் ஐயா. ஆணைதானே? நானே தருகிறேன். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது, ஏழு பேர். அதே மாதிரி ஏழு நினைவுப் பரிசு. இயக்கத்தின் முத்திரையோடு முறையான கொள்முதல் ஆணை. அதை இணைத்தால் நீங்கள் தகுதி பெற்றுவிடுவீர்கள்."

"தகுதி வந்தா உலை குடுப்பீங்களா?"

"முதலில் ஆறு நாள் பயிற்சி ஐயா, திருப்பத்தூரில். கருவி என்றால் என்ன, அதன் வகைகள் என்ன, எல்லாம் சொல்லித் தருவார்கள். அதை முடித்தால் உலைக்கு விண்ணப்பிக்கத் தகுதி." சற்றுத் தயங்கினார். "ஒன்று மட்டும். போன தடவை ஒரு விருந்தினர் வீட்டில் பேத்தி எடுத்து விளையாடியிருக்கிறாள், விரல் வெட்டிவிட்டது. பெரிய வருத்தம். அதனால் இந்தத் தடவை கூர் வேண்டாம்."

"கூரு இல்லாத டையா?"

"பார்ப்பதற்குத்தானே ஐயா."

வாசலில் ஆர்டர் சொல்லிக்கொண்டு நின்றது இந்த ஒரே ஆள். தணிகைவேல் தலையாட்டினார். கூர் வேண்டாமென்றால் ஜெர்மன் பட்டையும் வேண்டாம், ராணிப்பேட்டையும் வேண்டாம். பழைய இரும்புக் கடையிலிருந்து ஜன்னல் பட்டை கொண்டுவந்தார். வளைப்பது மட்டும் அதே கை. அதற்குப் பிசகத் தெரியவில்லை. விளிம்பை அரத்தால் ராவி மழுங்க அடித்தார். ஏழு சைஸ் என்று யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தைந்து வரைதான் செய்தார்.

லீவு நாளானதால் வீட்டிலிருந்த யோகலட்சுமி, தங்கப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எடுத்து இடது கட்டைவிரல் நகத்தின்மேல் இழுத்தார் தணிகைவேல். வழுக்கிக்கொண்டு போனது. ஏழும் வழுக்கின.

"ஓகே" என்று ஏழையும் பலகையில் வைத்தார்.

"நகம் வளந்து கெடக்கு பாரு" என்றாள் யோகலட்சுமி.

பார்த்தார். மற்ற ஒன்பது விரல்களைப் போலவே அதுவும் நீண்டு, வளைந்து, ஓரத்தில் அழுக்கேறி இருந்தது. அவள் எழுந்து போய் நகவெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். அந்த விரலுக்கு அது முதல் தடவை.